தொலைந்த கார்டுக்கு ஒரு நாள் கூலி

ஈக்காட்டுத்தாங்கலில், கிண்டித் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு பொறியியல் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். கேன்டீன் டோக்கன், வண்டி பாஸ், சீருடை, குடிதண்ணீர் கேன் என்று என் மேஜைக்கு வராத விஷயம் கிடையாது. அவற்றில் நான் அதிகம் அக்கறைப்பட்டது ஆக்சஸ் கார்டு விஷயத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. கார்டு தொலைந்தவர் ஒரு கடிதம் கொடுப்பார், நாங்கள் புதுக் கார்டுக்கு ஆர்டர் போடுவோம், வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். அவ்வளவுதானே என்று பலரும் நினைத்தார்கள். அது அவ்வளவுதான் இல்லை என்பதை 2015 டிசம்பர் எங்கள் எல்லோருக்கும் காட்டியது.

எங்கள் நிறுவனத்தில் கார்டு இரண்டு வகை. மாதச் சம்பளக்காரர்களுக்கு மெல்லிய வெள்ளைக் கார்டு. மேலே படமும் பெயரும் அச்சாகியிருக்கும். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், தோட்டம், லோடிங் என்று கான்ட்ராக்டில் வந்தவர்களுக்குத் தடிமனான கார்டு. ஓரத்தில் கயிறு கோர்க்கப் பள்ளம் வைத்தே வரும் வகை. மெல்லிய கார்டு தொலைந்தால் ஒரு மேனேஜருக்குப் போவது பத்து நிமிடம். செக்யூரிட்டி வணக்கம் வைத்துக் கதவைத் திறந்து விடுவார், அவருடைய சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. தடிமன் கார்டு தொலைந்தால் கதை வேறு. கேட்டில் இருக்கும் வருகைப் பதிவு மிஷினில் அந்தக் கார்டு படவில்லை என்றால் அன்றைய நாள் கணக்கில் ஏறாது. மிஷின் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் கான்ட்ராக்டர் பில் போடுவார், கூலியும் கொடுப்பார். ஒரே மாதிரிப் பிளாஸ்டிக்தான். ஒருவருக்கு அது கதவு, இன்னொருவருக்கு அன்றைய சோறு.

டிசம்பர் ஒன்றாம் தேதி பெய்த மழையைச் சென்னைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாறு இரண்டு கரையும் மீறி ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று வீடுகளுக்குள்ளும் பட்டறைகளுக்குள்ளும் புகுந்தது. எங்கள் தரைத்தளத்தில் மார்பளவு நின்றது. கேட்டுக்குப் பக்கத்து செக்யூரிட்டி அறையில்தான் கார்டுகளின் கன்ட்ரோலர் பெட்டிகளும், பெயர்ப்பட்டியல் இருந்த கம்ப்யூட்டரும் இருந்தன. இரண்டும் மூழ்கின.

தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது ஒரு கதவுகூடப் பூட்டியிருக்கவில்லை. கதவின் மேலே இருக்கும் மின்காந்தப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரை அறுநூறு பவுண்டு விசையோடு பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று ஸ்டோர், டிராயிங் அறை, கணக்குப் பிரிவு எல்லாம் சேற்றோடு திறந்து கிடந்தன. கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தால் பச்சை ஒயரும் வெள்ளை ஒயரும் சேற்று நிறத்தில் ஒன்றாகியிருந்தன. ரீடரிலிருந்து கார்டு எண்ணைக் கொண்டுவருகிற இரண்டு ஒயர்கள் அவை.

வேலை மறுபடி தொடங்கியபோது கார்டோடு வந்தவர்கள் சொற்பம். ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் கார்டு என்ன, ரேஷன் அட்டையே போயிருந்தது. எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்களில் சிலர் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமிலிருந்து நேராக வேலைக்கு வந்தார்கள். பின்னால், கரையோரக் குடியிருப்புகளை அப்புறப்படுத்தியபோது அவர்களில் சிலருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணி ஷிப்டுக்கு வந்து நின்றார்கள்.

"மேடம், கார்டு இல்லாம உள்ள விடமாட்டேங்கிறாங்க. நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்க மேடம்" என்று ஒரு அம்மா கேட்டில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நோட்டில் எழுதத்தான் செய்தோம். மிஷினும் இல்லாத நாட்களில் நோட்டுத்தான் கணக்கு. அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் செக்யூரிட்டி சூப்பர்வைசரும் நானும் கையெழுத்துப் போட்டோம். கான்ட்ராக்டர் அதைக் கணக்காக ஏற்றுக்கொள்ள மறுத்தபோது அந்த இரண்டு கையெழுத்துத்தான் எங்களிடம் இருந்த பலம்.

இனி ஆர்டர் கதை. கார்டு சப்ளை செய்பவரிடம் போன் செய்து, கார்டு வேண்டும் என்றதும் அவர் மூன்று கேள்வி கேட்டார். என்ன ஃபார்மட்? ஃபெசிலிட்டி கோடு என்ன? எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் எங்கள் அலுவலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் தண்ணீரில் போயிருந்தது. கார்டின் பின்பக்கம் பார்த்தால் எண் இருக்கும், ஃபெசிலிட்டி கோடு இருக்காது. அதை வேண்டுமென்றே அச்சடிக்காமல் விடுகிறார்கள்.

இந்த ஃபார்மட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜான் வீகண்ட் என்பவர் 1970களில் ஒரு விசேஷமான கம்பியைக் கண்டுபிடித்தார். காந்தப் புலத்துக்குள் கொண்டுபோனால் சட்டென்று துடிப்பைக் கொடுக்கும் கம்பி. அதைத் துண்டு துண்டாகக் கார்டுக்குள் பதித்துத்தான் அந்தக் கால ஆக்சஸ் கார்டுகள் வந்தன. கார்டுகளில் அந்தக் கம்பி வழக்கொழிந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனால் எண்ணை அனுப்பும் முறை மட்டும் அவர் பெயரிலேயே இன்றும் உலகம் முழுக்க இருக்கிறது. மொத்தம் 26 பிட். முதலும் கடைசியும் சரிபார்ப்புக்கு. நடுவில் எட்டு பிட் ஃபெசிலிட்டி கோடு, 0 முதல் 255 வரை. அடுத்த பதினாறு பிட் கார்டின் எண், 0 முதல் 65,535 வரை. ஃபெசிலிட்டி கோடு பின்கோடு மாதிரி. கார்டு எண் வீட்டு எண் மாதிரி. வீட்டு எண் 12 எல்லாத் தெருவிலும் உண்டு. பின்கோடு சேர்ந்தால்தான் தபால் சரியான வீட்டுக்குப் போகும்.

இந்த 26 பிட் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இது யாருக்கும் சொந்தமில்லாத திறந்த முறை. எந்த நிறுவனம் எந்த எண்களை வாங்கியிருக்கிறது என்று கணக்கு வைக்க எவரும் இல்லை. நான் கேட்கிற எண்ணை, பக்கத்துத் தெரு நிறுவனமும் கேட்டு வாங்கலாம். ஏன், நானே ஒருமுறை வாங்கிய எண்ணை மறுபடியும் கேட்டால் மறுபடியும் அச்சடித்து வரும். வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சட்டம்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. ஃபெசிலிட்டி கோடை, தப்பிப் பிழைத்த ஒரு கார்டைப் புது ரீடரில் வைத்துப் படித்துக் கண்டுபிடித்தோம். தொடக்க எண்ணுக்கு சப்ளையர், தன்னிடமிருந்த பழைய பில்லைப் பார்த்து, "நான் பார்த்துக்கிறேன், உங்க கடைசி ஆர்டருக்கு அடுத்த நம்பர்ல போட்டுடறேன்" என்றார். அவர் பார்த்தது கடைசி பில் இல்லை, அதற்கு முந்தைய பில். சில வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அதற்குள் தப்பிய கார்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம். ஒரு புதுக் கார்டை எடுத்து ரீடரில் வைத்தால், புதிய எண் என்று காட்ட வேண்டிய திரையில் டிசைன் பிரிவுப் பையன் ஒருவனின் படம் சிரித்துக்கொண்டு வந்தது. அவன் கார்டு அவன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கார்டை வைத்தேன், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அம்மா. அடுத்தது, எங்கள் சீஃப் இன்ஜினியர். பெட்டியை அப்படியே மூடி ஒட்டித் திருப்பி அனுப்பினோம். அதைத் திறந்து பார்க்காமல் கொடுத்திருந்தால், புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் கையில் சீஃப் இன்ஜினியரின் கதவு திறந்திருக்கும்.

அந்தப் பெட்டி திரும்பிப்போன அன்றே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ஃபார்மட், ஃபெசிலிட்டி கோடு. அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஆர்டரும்: முதல் எண், கடைசி எண், பில் தேதி. கம்ப்யூட்டர் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு செக்யூரிட்டி அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினேன். நோட்டு இரண்டாவது மாடி பீரோவில் இருந்தது.

மெல்லிய கார்டில் இந்தச் சிக்கல் என்றால், தடிமன் கார்டில் வந்தது அதைவிடக் கொடுமை. இந்த மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளை யாரும் தொடர் எண் சொல்லி வாங்குவதில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். எண் தொழிற்சாலையிலேயே சிப்பில் பதிந்து வரும், மாற்ற முடியாது. கார்டின் மேல் அந்த எண்ணை இரண்டு விதமாக அச்சடித்திருப்பார்கள். முதலில் பத்து இலக்கம், பக்கத்தில் மூன்று இலக்கமும் ஐந்து இலக்கமுமாகப் பிரித்து இன்னொரு எண். உதாரணமாக 0007654321 என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் 116,52145 என்று இருக்கும். பார்க்கிறவருக்கு இரண்டும் வெவ்வேறு எண். ஆனால் இரண்டும் ஒன்றுதான். முதல் எண்ணை 65,536 ஆல் வகுத்தால் ஈவு 116, மீதி 52,145. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதக் கூலி பாதிக்கப்பட வேண்டியிருந்தது.

அவசரத்தில் வாங்கிய தடிமன் கார்டுகளைக் கான்ட்ராக்டரின் ஆள் வரிசையாகக் கொடுத்து, யாருக்கு எந்தக் கார்டு என்று எக்செல்லில் ஏற்றியிருந்தார். பத்து இலக்க எண்ணை ஏற்றினார். எக்செல் முன்னால் இருந்த பூஜ்யங்களைச் சாப்பிட்டுவிட்டது. கேட்டில் புதிதாக மாட்டிய மிஷினோ இரண்டாவது விதமான எண்ணைக் கமா இல்லாமல் சேர்த்து 11652145 என்று பதிந்துகொண்டிருந்தது. பட்டியலில் ஒரு எண், மிஷினில் ஒரு எண். கார்டை வைத்தால் பீப் சத்தம் வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் நிம்மதியாக உள்ளே போனார்கள். மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தபோது புதுக் கார்டு வாங்கிய அத்தனை பேருக்கும் வருகை பூஜ்யம்.

எண்களைச் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஒரு பெண். டிப்ளமா முடித்து வந்தவள், அப்போது இருபத்து இரண்டு வயதுகூட இருக்காது. கார்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து வகுத்தாள். "அக்கா, இதப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான்!" என்றாள். அந்த மாலையே அவளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாக மாற்றிப் போட்டுச் சரிபார்த்தோம். பூஜ்யமாக இருந்த நாட்கள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிரம்பிக்கொண்டே வந்தன. கணக்குப் பிரிவில் என் வயதுக்காரர்கள் பலரும் "கார்டை ஒழுங்கா வச்சிருக்க மாட்டாங்க" என்று பேசி முடித்துவிட்ட விஷயம் அது. அவள் மட்டும்தான் எண்ணைப் பார்த்தாள்.

புதுக் கார்டுக்குப் படம் எடுத்த நாளையும் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களின் தடிமன் கார்டு பிரிண்டருக்குள் போகாது. சாதாரணக் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், இது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் அதுவரை அவர்கள் கார்டில் படமே இருந்ததில்லை, எண் மட்டும்தான். மெல்லிய ஸ்டிக்கரில் படத்தை அச்சடித்து மேலே ஒட்டலாம் என்று நான் சொல்லி, அனுமதியும் வாங்கினேன். பேரும் முகமும் இல்லாத கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மனுஷி எட்டு மணி நேரம் ஒரு கட்டடத்துக்குள் நடமாட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது.

கான்பரன்ஸ் அறைச் சுவரில் வெள்ளை சார்ட் ஒட்டிப் படம் எடுத்தோம். ஜாபர்கான்பேட்டை அம்மா ஒருவர் முறை வந்ததும் பின்வாங்கினார். கட்டியிருந்தது முகாமில் யாரோ கொடுத்த நைந்த சேலை. "இந்தச் சேலையோட படம் வேணாம் மேடம். வருஷம் பூரா கழுத்துல தொங்கும்ல" என்றார். அன்றைக்கு அவரை விட்டுவிட்டோம். பிறகு ஒருநாள் மகளின் சேலையைக் கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து வந்தார். கேமராவை நேராகப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டிய கார்டைக் கொடுத்ததும் முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார். அந்த ஸ்டிக்கருக்கு ஆன செலவைக் கணக்குப் பிரிவு கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அதை நியாயமான கோபம் என்றே சொல்வேன்.

அடுத்து வந்தது பிடித்தம். கார்டு தொலைத்தால் இருநூற்று ஐம்பது ரூபாய் கூலியில் பிடிப்பது என்று கான்ட்ராக்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெள்ளத்தில் போன கார்டுக்கும் அதே. கார்டின் அடக்கவிலை அதில் பாதிகூட இல்லை. மீதி எங்கே போகிறது என்று கேட்டால் "நிர்வாகச் செலவு" என்று பதில் வந்தது. ஏறத்தாழ ஒரு நாள் கூலி அது.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் நிர்வாகப் பிரிவில் இருந்தால் சில சட்டப் புத்தகங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 7ஆம் பிரிவில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் இருந்தது. ஒப்படைத்த பொருள் தொலைந்தால் பிடிக்கலாம், ஆனால் அந்த இழப்பு நேரடியாகத் தொழிலாளியின் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும். 10ஆம் பிரிவு இன்னும் தெளிவு. பிடிப்பது இழப்பின் மதிப்பைத் தாண்டக் கூடாது. தொழிலாளிக்குக் காரணம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்கவும் கூடாது. ஆறு வீட்டுக்குள் வந்தது யாருடைய அலட்சியம்? ஐம்பது ரூபாய்ப் பொருளுக்கு இருநூற்று ஐம்பது பிடிப்பது எந்தக் கணக்கு? இரண்டு கேள்வியையும் எழுதி மனிதவளத் தலைவருக்குக் கொடுத்தேன். கூடவே 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவையும் குறித்தேன். கான்ட்ராக்டர் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் அந்தப் பாக்கியைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வேலை வாங்குகிற நிறுவனத்துக்கு வரும் என்பது அதில் இருந்தது. இது அவருக்குச் சட்டென்று புரிந்தது. பிடித்தம் நின்றது, பிடித்த தொகையும் அடுத்த மாதக் கூலியோடு திரும்பியது. இப்போது பழைய சட்டங்களின் இடத்தில் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் இழப்பின் மதிப்பைத் தாண்டக் கூடாது, விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்கிற இரண்டு பாதுகாப்பும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் தொடர்கின்றன.

கெட்டுப்போன கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த கார்டைவிட, வேலை செய்யாத கார்டுதான் அதிகம் வந்தது. எல்லோரும் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். தண்ணீர் காரணமில்லை. பொங்கல் கழிந்து ஒரு போன் வந்தது. சைதாப்பேட்டைப் பக்கம் சேறு அள்ளிக்கொண்டிருந்த மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஒருவருக்கு எங்கள் கார்டு ஒன்று கிடைத்திருந்தது. பின்பக்கம் இருந்த போன் எண்ணுக்கு, பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டார். ஆள் அனுப்பி வாங்கி வந்து கழுவி ரீடரில் வைத்தேன். முதல் தடவையே படித்தது. கார்டுக்குள் இருப்பது ஓரத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் எள்ளளவு சிப்பும் மட்டுமே. பேட்டரி கிடையாது. ரீடரின் காந்தப் புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டிருப்பதால் தண்ணீர் அண்டாது. அதைக் கொல்வது நம்முடைய பஞ்சிங் மிஷின். கயிறு மாட்ட மெல்லிய கார்டில் கண்ட இடத்தில் ஓட்டை போடுவார்கள். கம்பிச் சுருள் அறுந்தால் கார்டு செத்தது. பேன்ட் பின்பாக்கெட்டில் வைத்து உட்காருவதும் அதே வேலையைச் செய்யும். அதன்பிறகு ஓட்டை போடத் தேவையில்லாதபடி பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தே கார்டு கொடுத்தோம். மாற்றுக் கார்டுக்கு வருகிறவர்கள் நன்றாகவே குறைந்தார்கள்.

அந்தப் போன் இன்னொரு முடிவுக்கும் காரணம். கார்டில் நிறுவன முகவரி முழுதாக இருந்தது. நல்ல மனிதர் கையில் கிடைத்ததால் திரும்பி வந்தது. வேறு கையில் கிடைத்திருந்தால் எந்தக் கதவைத் திறக்கும் சாவி அது என்று கார்டே சொல்லிக்கொடுத்திருக்கும். அடுத்த ஆர்டரிலிருந்து முகவரியை எடுத்துவிட்டு, கண்டெடுத்தால் கூப்பிட ஒரு போன் எண்ணும், ரத்த வகையும் மட்டும் போட்டோம்.

பின்னாளில் முழு அமைப்பையும் மாற்றும் பேச்சு வந்தது. 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு, கேட்கிற எந்த ரீடருக்கும் தன் எண்ணைச் சொல்லிவிடும். ரகசியச் சாவி எதுவும் கிடையாது. சின்னக் கருவி ஒன்று இருந்தால் நகல் எடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுக்கு மாறுவது என்று முடிவானதும், விலை குறைவு என்று மைஃபேர் கிளாசிக் வகையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். நான் எதிர்த்தேன். 1994இல் வந்த கார்டு அது, 48 பிட் சாவி. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் இருவரும் அதன் ரகசிய முறையின் உட்புறத்தைக் காட்டினார்கள். அடுத்த வருடம் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுதாக உடைத்தார்கள். தயாரிப்பாளரான என்எக்ஸ்பி அந்த ஆய்வை வெளியிடக் கூடாது என்று வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் நீதிமன்றம் வெளியிடலாம் என்றது. உடைந்தது என்று உலகத்துக்கே தெரிந்த பூட்டை மறுபடி காசு கொடுத்து வாங்குவானேன்? கடைசியில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிய டெஸ்ஃபயர் வகை வந்தது. மேனேஜருக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஒரே கார்டு, ஒரே தடிமன், ஒரே பிரிண்டர். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

அதோடு இன்னும் இரண்டை விதியாக எழுதி வைத்தோம். கார்டு தொலைந்தது என்று தகவல் வந்தால் புதுக் கார்டுக்கு ஆர்டர் போடும் முன் பழைய எண்ணை முடக்க வேண்டும். அழிக்கக் கூடாது, அழித்தால் அந்த எண்ணின் பழைய வருகைக் கணக்கும் போய்விடும். இரண்டாவது, செக்யூரிட்டி மேஜையில் எப்போதும் தற்காலிகக் கார்டுகள் இருக்க வேண்டும். கார்டு இல்லாமல் வருகிறவர் யாரானாலும் பெயரை எழுதிவிட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கலாம். அன்றைய வருகை அவருடைய சொந்த எண்ணில் ஏறும். ஒரு தற்காலிகக் கார்டின் விலை, ஒரு மனுஷியின் ஒரு நாள் கூலியில் சின்னப் பங்கு.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது நிர்வாகப் பிரிவிலோ மனிதவளப் பிரிவிலோ இருக்கலாம். இந்த வாரம் உங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற ஒருவரிடம், கார்டு தொலைந்தால் அவரிடம் எவ்வளவு பிடிக்கிறார்கள், புதுக் கார்டு வரும்வரை அவருடைய வருகையை யார் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சரியாக இல்லை என்றால் கான்ட்ராக்டரின் அடுத்த பில்லில் கையெழுத்துப் போடும் முன் அதைச் சரிசெய்யுங்கள். அந்தக் கையெழுத்து உங்களிடம்தான் இருக்கிறது.